வெள்ளை வண்டியின் இரண்டு பெடல்கள்

ஜூன் 8, 1988 – புதன்

வெள்ளை வண்டி இன்று எங்கள் சாயக் கம்பெனிக்கு வந்துவிட்டது. முதலாளி சேட்டின் தம்பி லண்டனில் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்திலிருந்து செம்பூர் வரை அதை ஓட்டி வந்தது யார்? அபுதாஹிர்!

பதினாறு வருடமாகச் சேட்டுக்கு அம்பாசிடர் ஓட்டுகிறேன். ஒரு கீறல் கிடையாது. அபுதாஹிர் வந்து நாலு வருடம்தான் ஆகிறது. சாயப் பொடி சாம்பிள் ஏற்றிக்கொண்டு பியட்டில் அலைந்துகொண்டிருந்தவன். மேனேஜர் அனந்தகிருஷ்ணனிடம் போய், என்ன சார் இது என்று கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "அவன் குவைத்துல ஆட்டோமேடிக் ஓட்டினவனாக்கும். நோக்குப் பழக்கமில்லையோன்னோ, சுயம்பு?"

பழக்கமில்லை. பழகினால்தானே பழக்கம்?

ஜூன் 10 – வெள்ளி

தாராவியில் எங்கள் சந்து முழுக்க இதே பேச்சு. அபுதாஹிர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கதவு. வீட்டுக்குள் நுழைகிறேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் மனைவி அகிலாண்டம் ஆரம்பித்துவிட்டாள்.

"தாஹிரு தம்பி ஓட்டுத வண்டியில கிளச்சே கெடையாதாமே? ஏசி போட்டா குளுருதாம். அந்தத் தம்பி பொஞ்சாதி மதீனா சொல்லுதா."

"குளிருதுன்னா கம்பளி கொண்டு போகச் சொல்லு" என்றேன்.

என் அம்பாசிடரில் ஏறி ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான் இவள். அன்றைக்கு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா?

ஜூன் 12 – ஞாயிறு

டீக்கடையில் அவன் பிரசங்கம். "வண்டிக்கு மூளை இருக்கு அண்ணாச்சி. டேஷ்போர்டுக்கு அடியில ஒரு எலக்ட்ரானிக் பொட்டி. இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடணும்னு அதுதான் கணக்குப் போடும். ஒரு பட்டன அமுக்குனா, நாம கால எடுத்தாலும் அதே வேகத்துல போய்க்கிட்டே இருக்கும்."

"அப்போ நீ எதுக்குவே?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

வண்டி ஓட்டும்போது ஷூ போடுகிறான். நான் இத்தனை வருடமும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுகிறேன். பெடல் நம்மோடு பேச வேண்டாமா? தோலுக்குள் காலைப் பூட்டி வைத்துக்கொண்டு என்ன ஓட்டுவது.

ஜூன் 17 – வெள்ளி

சேட்டே இன்று தம்பியோடு வெள்ளை வண்டியில் போய்விட்டார். நான் காலி அம்பாசிடரைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

ஜூன் 24 – வெள்ளி

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அகிலாண்டம் இங்கேயே பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணிக்கு மேல் அபுதாஹிர் ஜும்மா தொழப் போய்விடுவான். சாவி, மேனேஜர் அறை வாசலில் பலகையில் தொங்கும். காலையிலிருந்து அடித்து ஊற்றுகிற மழை. காம்பவுண்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வண்டியை மேட்டுக்கு ஏற்றி நிறுத்தினால் நல்லதுதானே என்று சாவியை எடுத்தேன். – பொய். அதற்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன். கியரைப் போட்டேன். தண்ணீரில் மெல்ல நகர்ந்தது. சொன்னபடி கேட்டது. இவ்வளவுதானா, இதற்கா குவைத் போய் வர வேண்டும் என்று நினைத்தேன். ஷெட் பக்கம் வந்ததும் பிரேக்கை மிதித்தேன்.

நிற்கவில்லை. பாய்ந்தது! மிதிக்க மிதிக்கச் சீறிக்கொண்டு போனது. காலி டிரம் நாலைந்தைத் தள்ளிக்கொண்டு போய் உப்பு மூட்டைகளில் முட்டியது. எப்படியோ சாவியைத் திருப்பி அணைத்தேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் கேன்டீனில். மூட்டையில் முட்டியதால் பம்பரில் தடம்கூட இல்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, பழைய இடத்திலேயே விட்டு, டிரம்களை அடுக்கிவிட்டு வந்தேன்.

பிரேக்கைத்தான் மிதித்தேன். என் கால் எனக்குத் தெரியாதா? அந்தப் பெட்டிதான். அந்த மூளைக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

ஜூன் 25 – சனி

அபுதாஹிரிடம் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி? கேட்காமல் எடுத்தேன் என்று சொன்னால் பதினாறு வருடப் பேர் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதோடு, பெரிய குவைத் டிரைவர். அவன் வண்டி, அவன் பாடு. அவனே கண்டுபிடிக்கட்டும்.

ஜூலை 1 – வெள்ளி

சொல்லவில்லை. வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

ஜூலை 13 – புதன்

பாண்டுரங்கின் கால் போய்விட்டது. போகவில்லை, உடைந்துவிட்டது. இரண்டு இடத்தில். என்ன எழுதுகிறேன் நான்.

பதினொரு மணி. நல்ல மழை. தம்பி சேட் கிளம்ப வேண்டும் என்று அபுதாஹிர் வெள்ளை வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்து வந்தான். வாட்ச்மேன் பாண்டுரங் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்து நின்றிருந்தார். தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி ஒரு நொடி தயங்கியது. நான் அம்பாசிடர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி பாய்ந்தது. அதே பாய்ச்சல்! கேட் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் பாண்டுரங்.

"பிரேக்கு! பிரேக்குலதான் இருக்கேன்! பிரேக்குலதான் இருக்கேன்!" அபுதாஹிர் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது.

என் அம்பாசிடரில்தான் சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின் சீட்டில் ரத்தம். அபுதாஹிர், பாண்டுரங்கின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டே வந்தான்.

ஜூலை 14 – வியாழன்

போலீஸ் கேஸ் எழுதிவிட்டது. அபுதாஹிரின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை கம்பெனிக்கு வர வேண்டாம் என்று சேட் சொல்லிவிட்டார். பாண்டுரங்குக்கு இன்ஷூரன்ஸ் எப்படியும் கொடுத்துவிடும், வண்டி தப்பானாலும் டிரைவர் தப்பானாலும், என்றார் மேனேஜர். டிரைவர் தப்பு என்று ஆனால் மட்டும் அபுதாஹிருக்கு வேலை போகும், லைசென்ஸ் போகும், உள்ளேகூட வைக்கலாம்.

கேன்டீனில், "குவைத் டிரைவருக்கு பிரேக் எதுன்னு தெரியல" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

உண்மையை எழுதுகிறேன். நேற்று வண்டி பாய்ந்தபோது, பாண்டுரங் விழுவதற்கு முன்னால், ஒரு கண் இமைக்கிற நேரம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டினான் என்று. எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும் அது இருந்தது.

ஜூலை 18 – திங்கள்

வெளிநாட்டு வண்டி ரிப்பேர் செய்கிற என்ஜினியர் ஒருவர் வந்தார். பெட்டியைக் கழற்றினார், வயர்களை மீட்டரில் வைத்துப் பார்த்தார், மாட்டினார், ஓட்டிப் பார்த்தார். மூன்று மணி நேரம். "பெட்டியில் கோளாறு இல்லை. ஆக்சிலேட்டரில் கால் இருந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சமோசா தின்றார்.

அனந்தகிருஷ்ணனுக்கு மட்டும் சந்தேகம். பேப்பரில் வந்த செய்தி ஒன்றை வெட்டி வைத்திருக்கிறார். அமெரிக்காவிலும் ஆட்டோமேடிக் வண்டிகள் இதே மாதிரி பாய்கின்றனவாம். ஓட்டினவர்கள் எல்லோரும் பிரேக்கில்தான் கால் வைத்தோம் என்கிறார்களாம். வண்டிக் கம்பெனிக்காரனோ, கால்தான் தப்பு என்கிறானாம். "அத்தனை பேருமா பொய் சொல்லுவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "தெரியல சார்" என்றேன்.

தெரியும் சார்.

ஜூலை 21 – வியாழன்

கேட்டது கிடைத்தது. கேட் தூண் பக்கம் நசுங்கிய பம்பரைத் தட்டி எடுத்து வண்டியைத் தயார் செய்துவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வெள்ளை வண்டி எனக்கு. சேட்டே கூப்பிட்டுச் சொன்னார். "ஸ்வயம்பு, அப் தேரே ஹாத் மே" – இனி உன் கையில் – என்று தோளைத் தட்டினார்.

ஒன்றரை மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் வயிறெரிந்தேன். கேட்டதும் அந்த உப்பு மூட்டைகள்தான் கண்ணில் வந்தன. அங்கே மூட்டை இருந்தது. மாஹிம் சிக்னலில் யார் இருப்பார்கள்?

ஜூலை 25 – திங்கள்

மதீனா பீவி வீட்டிலிருந்து பக்ரீத் கறி வந்தது. அவர்கள் இந்த வருடம் ஆடு அறுக்கவில்லை. அவளுடைய அண்ணன் பாண்டுப்பிலிருந்து கொடுத்து அனுப்பியதில் எங்களுக்கும் ஒரு பங்கு. அகிலாண்டத்திடம் அவள் சொன்னாளாம்: "ஒரு வாரமா சோறு எறங்கல அக்கா அவுகளுக்கு. சொவத்தப் பாத்துக்கிட்டு வலது கால அமுக்கி அமுக்கிப் பாக்காக."

நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வெட்கம்.

ஜூலை 28 – வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஜூன் இருபத்துநாலு, ஜும்மா நேரம், டிரம், மூட்டை, எல்லாவற்றையும். அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இத்தனை நாள் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சுண்டிருந்தே? நீ அன்னிக்கே சொல்லியிருந்தா பாண்டுரங் நடந்துண்டிருப்பானே!"

செருப்பை மாட்டிக்கொண்டு அம்பாசிடருக்குத் திரும்பினேன்.

எதனால் சொன்னேன்? மனசாட்சியா? அந்த வண்டியில் ஏறப் பயமா? திங்கட்கிழமை சாவி என் கைக்கு வந்துவிடும் என்று இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா? அகிலாண்டத்துக்கு நான் நல்லவன் ஆகிவிட்டேன். அதுவே போதும் என்று விட்டுவிடலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2 – செவ்வாய்

கம்பெனியின் தீர்ப்பு வந்தது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி பாய்ந்திருக்கிறது, அப்படியானால் வண்டிதான் கோளாறு என்று தம்பி சேட் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டார். புதுப் பெட்டி அனுப்பச் சொல்லி. வெள்ளை வண்டி தார்ப்பாய்க்குள் போய்விட்டது. ஆர்.டி.ஓ. விசாரணை வரும். அதுவரை லைசென்ஸை ஜாமீனில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அபுதாஹிர் மறுபடி வேலைக்கு வருகிறான்.

எந்த வண்டிக்கு? என் அம்பாசிடருக்கு!

நான் கேட்காமல் வண்டி எடுத்தவன், தெரிந்தும் மறைத்தவன். அதனால் இனி எனக்கு டெம்போ. பீப்பாய் ஏற்றிக்கொண்டு தாணாவுக்கும் பாண்டுப்புக்கும். என் வாயைத் திறந்து என் வண்டியை அவனுக்குக் கொடுத்தேன். பதினாறு வருடமாக நான் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சீட்டில் அவன் உட்கார்ந்திருக்கிறான். சீட்டை ஒரு விரற்கடை முன்னால் தள்ளிப் போட்டிருக்கிறான். பார்த்தேன்.

ஆகஸ்ட் 7 – ஞாயிறு

சந்தில் எல்லோரும் அவனை விசாரிக்கிறார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. டெம்போக்காரனை எவன் விசாரிப்பான்.

ஆகஸ்ட் 14 – ஞாயிறு

அபுதாஹிர் வந்து கூப்பிட்டான். டீக்கடை வேண்டாம் அண்ணாச்சி, நடப்போம் என்றான். அறுபது அடி ரோட்டில் ரொம்ப தூரம் நடந்தோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே அண்ணாச்சி. ஒங்க வண்டியையே உட்டுக் குடுத்துட்டீங்களே."

"பொய்யா? என்ன பொய்?"

"எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழம நீங்க அந்த வண்டியத் தொட்டிருக்க மாட்டீங்க. என்னயக் காப்பாத்தத்தான் கதை கட்டுனீங்க." அவன் கண் நிறைந்துவிட்டது. "ஒங்கக்கிட்ட மட்டும் சொல்லுதேன். வண்டி மேல தப்பு இல்ல. எங்கால்தான்."

சொன்னான். குவைத்தில் ஏழு வருடம் ஆட்டோமேடிக் ஓட்டினான், ஆனால் அங்கே மழை எங்கே? இங்கே நாலு மழைக்காலம் பியட்டில். தண்ணீரில் வண்டி அணைந்துவிடாமல் இருக்க நாம் என்ன செய்வோம்? வலது காலால் ஆக்சிலேட்டரை அழுத்தி ரேஸ் கொடுத்துக்கொண்டே இடது காலால் கிளச்சை மிதித்து மிதித்து விடுவோம். பம்பாய் டிரைவர் எல்லோருக்கும் அது தூக்கத்தில்கூட வரும். அன்றைக்குத் தேங்கிய தண்ணீரைக் கண்டதும் அவன் கால்கள் பியட்டுக்குப் போய்விட்டன. வலது கால் ரேஸில். இடது கால், இரண்டே பெடல் உள்ள அந்த வண்டியின் அகலமான பிரேக்கில், கிளச் என்று நினைத்துக்கொண்டு. கிளச்சை விடுவதுபோல இடது காலை எடுத்தான். வண்டி பாய்ந்தது. உடனே வலது காலை அமுக்கினான்.

"பிரேக்குன்னுதான் அண்ணாச்சி அமுக்குனேன். சத்தியமா பிரேக்குன்னுதான். அது ரேஸ்லயே இருந்திருக்கு. வீட்ல சொவத்துல கால வெச்சு வெச்சுப் பாத்து, பத்து நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது."

நான் கதை கட்டவில்லை என்று அவனிடம் சொல்லவில்லை. ஜூன் இருபத்துநாலாம் தேதியும் தண்ணீர் நின்றது. ரேஸ் கொடுத்தேனா? கொடுத்திருப்பேன். இடது கால்? ஞாபகம் இல்லை. இல்லை, நான் பிரேக்கைத்தான் மிதித்தேன். அவன் கால் வேறு, என் கால் வேறு.

ஆகஸ்ட் 15 – திங்கள்

லீவு. நாள் முழுக்க ஒரே யோசனை. அனந்தகிருஷ்ணனிடம் ஒரு வார்த்தை போதும். "சார், அவனே ஒத்துக்கிட்டான்." அம்பாசிடர் திரும்பி வந்துவிடும். அதுவும் உண்மையைச் சொல்லியே! உண்மையும் என் பொறாமையும் ஒரே பக்கம் வந்து நிற்பது எத்தனை நாளைக்கு ஒரு முறை நடக்கும்?

ஆகஸ்ட் 16 – செவ்வாய்

மேனேஜர் அறை வரைக்கும் போனேன். டெம்போ டிரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20 – சனி

சயான் போனேன். பாண்டுரங்குக்குக் கட்டு பிரித்திருக்கிறார்கள். கோலூன்றி நாலடி வைக்கிறார். அபுதாஹிர் தினமும் வருகிறான், ஷேவ் செய்துவிடுகிறான் என்றார். இதிலும் அவன்தான் முந்தினவன். நான் ஐந்து வாரத்தில் இன்றைக்குத்தான் போகிறேன். ஜூனில் வாய் திறக்காதவன் நான் என்று அவரிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 31 – புதன்

ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வந்தார். நரைத்த மீசை, நிறையப் பேசாத ஆள். தார்ப்பாயை எடுத்தார்கள். முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சேட், தம்பி சேட், அனந்தகிருஷ்ணன், அபுதாஹிர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"உட்கார். அன்றைக்கு எப்படி ஓட்டினாயோ அப்படியே செய். வண்டி எங்கேயும் போகாது. கீழே தண்ணீர் நிற்கிறது என்று நினைத்துக்கொள்." இந்தியில் சொன்னார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வலது கால் மட்டும், இடது காலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கியரைப் போட்டேன். நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். வலது கால் தானாக ரேஸ் கொடுத்தது. இடது கால் தானாக நீண்டு அகலப் பெடலில் போய் உட்கார்ந்து, மெல்ல, பதமாக, கிளச்சை விடுவதுபோல எழுந்தது. சக்கரம் அந்தரத்தில் சுழல ஆரம்பித்தது.

"பிரேக்!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

மிதித்தேன். என்ஜின் அலறியது. இன்னும் அழுத்தி மிதித்தேன். இன்னும் அலறியது. அவரே கை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

சத்தம் அடங்கிய பிறகு குனிந்து பார்த்தேன். என் வலது கால் சின்னப் பெடலில், ரேஸில் இருந்தது. வெறுங்கால். பெருவிரல் வெளுத்துப் போகும்வரை அமுக்கிக்கொண்டிருந்தது. பதினாறு வருடம், ஒரு கீறல் இல்லை. எழுதி எழுதிப் பெருமைப்பட்டேனே.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி அபுதாஹிரிடம் கேட்டார்: "நீயும் இப்படித்தான் செய்தாயா?"

அவன் முகம் வெளிறிவிட்டது. வாயைத் திறந்தான். சொல்லப்போகிறான் என்று தெரிந்துவிட்டது எனக்கு. அவனுக்குப் பொய் வராது. அதுவும் எனக்குப் பிடிக்காத ஒன்று அவனிடம்.

"ஸாப்" என்று நான் முந்திக்கொண்டேன். "இவன் குவைத்தில் ஏழு வருடம் இரண்டு பெடல் வண்டி ஓட்டியவன். எனக்குத்தான் அது பழக்கமில்லை. இவன் கால் இப்படித் தடுமாறாது. இவன் என்னைவிட நல்ல டிரைவர் ஸாப்."

அபுதாஹிர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயை மூடிக்கொண்டான்.

செப்டம்பர் 21 – புதன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஜூன் சம்பவம் என்னுடைய கவனக்குறைவு. ஜூலை விபத்துக்குக் காரணம் உறுதியாகத் தெரியவில்லை. கேஸை மூடிவிட்டார்கள். லண்டனிலிருந்து புதுப் பெட்டியும் வந்தது. அதை மாட்டிய பிறகு வண்டி பாயவே இல்லை, பார்த்தீர்களா என்கிறார் தம்பி சேட். பாண்டுரங்குக்குக் கேட்டில் ஸ்டூல் போட்டு, ஆள் வருகிற நேரம் குறிக்கிற டைம் ஆபீஸ் வேலை. கண்டால் தலையை மட்டும் அசைக்கிறார். வெள்ளை வண்டி மறுபடி ஓடுகிறது. ஓட்டுவது அபுதாஹிர். அம்பாசிடருக்குப் புது ஆள் போட்டிருக்கிறார்கள். எனக்கு டெம்போதான்.

அபுதாஹிர் இப்போது ஓட்டும்போது இடது காலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். எனக்கு மட்டும்தான் ஏன் என்று தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவன் என்னைவிட நல்ல டிரைவர் என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. சொன்னதும் அங்கே நின்ற அத்தனை பேரும், சேட், தம்பி சேட், அனந்தகிருஷ்ணன், ஒருவர் விடாமல், உடனே தலையாட்டினார்களே. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.